இரண்டாவது கேள்வி

போஸ்டரில் கப்பல் படம் போட்டது நான்தான். அதற்காக பாஷ்யம் சாரிடம் வாங்கிய திட்டு தனி. எங்கள் பன்னாட்டு உறவுகள் துறையில் மாதம் ஒரு பொதுச் சொற்பொழிவு நடக்கும். அடுத்து வரும் மூன்று கூட்டங்களுக்கும் சேர்த்து ஒரே போஸ்டர். அதில் உலக உருண்டைதான் இருக்க வேண்டும், அதுதான் துறைக்கு மரியாதை என்பது துறைத் தலைவரான அவர் கட்சி. "கப்பல் போட்டா ஹார்பர் டெண்டர் நோட்டீஸ் மாதிரி இருக்கும் ரேணுகா" என்றார். போங்க சார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கப்பலையே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அடியில் வழக்கம்போல 'பொதுமக்கள் அனைவரும் வருக' என்று ஒரு வரி. இந்தத் துறை அலுவலகத்தில் உட்கார்ந்து நாலு வருஷமாக அந்த வரியை அடிக்கிறேன். நாலு வருஷத்தில் ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டி ஒரு பொதுஜனம் உள்ளே வந்ததில்லை. கேட்டிலேயே அடையாள அட்டை கேட்டால் எவன் வருவான்?

அந்தக் கப்பலைப் பார்த்துத்தான் சடையப்பன் அண்ணன் செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் மேஜைக்கு வந்தார். பல்கலைக்கழகக் காரின் டிரைவர். சொற்பொழிவுக்கு வருகிறவர்களை ஏர்போர்ட்டிலிருந்தோ மாமல்லபுரத்து ஓட்டல்களிலிருந்தோ கூட்டி வந்து, பேசி முடித்ததும் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. படாளத்துக்காரர். அவர் சம்சாரம் ஆராயி அக்கா போய் ஆறு வருஷமாகிறது. ஒரே பையன் விஷால், சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் எண்ணெய் போடுகிற வேலையில் போன வருஷம்தான் ஏறினான். தினமும் ஒரு மணிக்குக் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு வாசலில் நின்று "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவார். இந்த வளாகத்தில் என்னை அப்படிக் கேட்கிற ஒரே ஆள் அவர்தான். கூடுவாஞ்சேரியில் மூன்றாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு எனக்கு. அம்மா போன பிறகு அங்கே பேச்சே கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரிடம் "வரேண்ணா" என்று சொன்னால், அடுத்ததாக வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுவது திங்கட்கிழமையாகத்தான் இருக்கும். நாற்பத்து மூன்று வயதில் இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

அன்றைக்கு அவர் வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யம்மா, நாளிக்கு வராரே அவுரு, இந்தக் கப்பலப் பத்திதான் பேசப் போறாரா?"

"ஆமாண்ணா. செங்கடல் பாதை. அங்க போற கப்பலுங்கள அடிக்கிறாங்களே, அதப் பத்திதான். அந்தப் பக்கத்து நாடுங்கள்ல தூதரா இருந்து ரிடையர் ஆனவரு. இன்னா விஷயம்?"

சாவியை மேஜைமேல் வைத்தார். "விஷாலு கப்பலு கொழும்புக்கு வெளியில நின்னுகினு கீது. அடுத்த டிரிப்பு அந்தப் பக்கம்தானாம். வரதுக்கு சம்மதம்னா கையெழுத்து போடு, இல்லாங்காட்டி எறங்கிக்கோன்றானாம் கம்பெனிக்காரன். வியாழக்கெழம காலைல சொல்லணும். எறங்கிட்டான்னா வேற கப்பலு குடுப்பானோ மாட்டானோ. மூணு வருசம் அலைஞ்சி ஏறுன புள்ள. 'நைனா, நீ இன்னா சொல்றியோ அதான்'றான். எனுக்கு இன்னாம்மா தெரியும்? எனுக்குத் தெரிஞ்சது இந்த ரோடு. அப்பால போஸ்டரப் பாத்தனா... 'இர்றா, புதன்கெழம எங்க காலேஜிக்குப் பெரிய மனுசன் ஒர்த்தரு வராரு, அவுர கேட்டு சொல்றேன்'ன்னுட்டேன்."

"நல்லா சொன்னீங்க போங்க. அவரு இன்னா குறி சொல்றவரா?"

"மேப்பு வச்சி பேசறவருதான? அவுருக்குத் தெரியாதா?"

அதற்குமேல் என்னால் கிண்டல் செய்ய முடியவில்லை. காரிலேயே கேட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கவும் எனக்கு வாயில்லை. போன வருஷம் ஒரு டிரைவர் விருந்தாளியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார் என்று, ஓட்டுநர்கள் விருந்தினர்களிடம் பேசக் கூடாது என ஒரு சுற்றறிக்கை வந்தது. அதை டைப் செய்தவள் நான். அடியில் கையெழுத்துப் போட்டவர்களில் இவரும் ஒருவர். அதுவுமில்லாமல் வருகிறவர் டெல்லிக்காரர், தமிழ் தெரியாதவர்.

"கூட்டத்துல கேள்வி கேப்பாங்க இல்ல? நீதான அதெல்லாம் எழுதிக் குடுக்கற. அதுல நம்முளுதும் ஒண்ணு சேத்துடேன்" என்றார்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எங்கள் கூட்டங்களில் கேள்வி தானாக வராது. பேச்சு முடிந்ததும் யாரும் கை தூக்காவிட்டால் மேடையில் இருப்பவருக்கு அவமானம் என்று, மூன்று கேள்விகளை முன்னாலேயே டைப் செய்து மூன்று மாணவர்களிடம் கொடுத்துவிடுவோம். அவர்கள் அப்போதுதான் தோன்றியதுபோல எழுந்து கேட்பார்கள். எழுதுவது நான், திருத்துவது பாஷ்யம் சார். சரிண்ணா, சேத்துடறேன் என்றேன். அவர் முகம் தெளிந்து, "சாப்ட்டியாம்மா?" என்று அப்போதுதான் கேட்டார்.

அவர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் அடித்தேன். என் மகன் விஷால், வயது இருபத்திரண்டு, கொழும்பில் நிற்கும் கப்பலில் இருக்கிறான், அவன் அந்தப் பாதையில் போகலாமா, கூடாதா? பாஷ்யம் சார் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். "இது கேள்வியா, லெட்டரா? ஒரு அம்பாசடரை உட்கார வெச்சுண்டு போலாமா கூடாதான்னு கேட்பாளா யாராவது? ஃபோரத்துக்குத் தகுந்த மாதிரி மாத்தும்மா. பேரெல்லாம் எடுத்துடு." அவர் கெட்டவர் இல்லை. நான் யாருடைய பையன் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார். சொல்லவில்லை. உட்கார்ந்து மாற்றினேன். முதலில் விஷால் போனான், பிறகு வயது போனது, பிறகு கொழும்பு. கடைசியில் நின்றது இதுதான்: செங்கடல் வழித்தடத்தின் பாதுகாப்புச் சூழல், வளரும் நாடுகளின் கடல்சார் மனிதவளத்தில் ஏற்படுத்தும் நீண்டகாலத் தாக்கங்கள் யாவை? சார் "பேஷ்" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சடையப்பன் அண்ணனிடம் மாற்றியதைச் சொல்லவில்லை. வைஷாலி என்கிற இரண்டாம் வருஷப் பெண்ணிடம் அந்தச் சீட்டைக் கொடுத்துவிட்டு, "உங்களுது ரெண்டாவது கேள்விண்ணா" என்று மட்டும் அவருக்கு ஒரு மெசேஜ் போட்டேன்.

புதன்கிழமை அவர் காரை இரண்டு தடவை கழுவினாராம். மாமல்லபுரத்திலிருந்து வந்த வழி முழுக்கத் தூதர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு யாருடனோ பேசிக்கொண்டே வந்தாராம். அரங்கம் நிறைந்துதான் இருந்தது. வருகைப் பதிவு உண்டு என்றால் சிவில் இன்ஜினியரிங் பிள்ளைகள்கூட உலக விவகாரம் கேட்க வந்துவிடுவார்கள். கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையோடு சடையப்பன் அண்ணன். நான் மைக் ஆள் பக்கத்தில் பக்கவாட்டில் நின்றிருந்ததால் அவரை நன்றாகப் பார்க்க முடிந்தது. கையில் போனை நிமிர்த்திப் பிடித்திருந்தார். பதில் வரும்போது பதிவு செய்து அப்படியே பையனுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. கட்டைவிரல் அந்தச் சிவப்பு வட்டத்துக்குமேல் தயாராக இருந்தது.

தூதர் நன்றாகப் பேசினார். வரைபடத்தில் அம்புக்குறிகள் ஓடின, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. கேள்வி நேரம் வந்தது. முதல் கேள்வி, பதில், கைதட்டல். இரண்டாவதாக வைஷாலி எழுந்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, ஒரு பிசிறில்லாமல் என் வாக்கியத்தைச் சொன்னாள். மிக முக்கியமான கேள்வி என்று தூதர் பாராட்டினார். காப்பீடு, சர்வதேச ஒப்பந்தங்கள், தொழிலாளர் சந்தை என்று நாலு நிமிஷம் பதில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். சடையப்பன் அண்ணனும் போனைத் தொடையில் வைத்துவிட்டுக் கைதட்டினார். பிறகு மறுபடி எடுத்துப் பிடித்துக்கொண்டார். அவர் கட்டைவிரல் அழுத்தவே இல்லை.

ஓடிப்போய், அண்ணா அதுதான், அதுதான் நம்ம கேள்வி என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. மூன்றாவது கேள்வி முடிந்தது, நன்றியுரை முடிந்தது, தேசிய கீதத்துக்கு எல்லோரும் எழுந்தார்கள். அவரும் எழுந்து விறைப்பாக நின்றார், போன் அப்படியே கையில்.

கூட்டம் கலையும்போது என்னிடம் வந்தார். "டைமில்லாம பூட்ச்சாம்மா? நம்ம கேள்விய வுட்டுட்டாங்களே."

பொய் சொல்லியிருக்கலாம். எவ்வளவு சுலபமாக எடுத்துக் கொடுக்கிறார் பாருங்கள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து வரவில்லை. "கேட்டாச்சுண்ணா. அந்தப் பொண்ணு ரெண்டாவதா கேட்டதுதான்."

"அதா? அதுல விஷாலு பேரே வரலியேம்மா."

நான் மைக் ஒயரைச் சுருட்டினேன்.

"சரி, அவுரு இன்னா சொன்னாரு? போலான்னாரா, வாணான்னாரா?"

நாலு நிமிஷப் பதிலை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அதில் போகலாமும் இல்லை, வேண்டாமும் இல்லை. எப்படி இருக்கும், நான்தான் கேட்கவே இல்லையே. என்மேல் வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் மேடைப் பக்கம் போனேன். தூதருக்குக் கொடுத்த நினைவுப் பரிசு, ஒரு சாண் உயரக் கல் யானை, நாற்காலியிலேயே கிடந்தது. எல்லா விருந்தாளிகளும் அதை மறந்துவிட்டுத்தான் போவார்கள், அத்தனை கனம். அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போர்ட்டிகோவுக்கு வந்தேன். "சார், மெமென்டோ விட்டுட்டாரு, ஓட்டல்ல நானே குடுத்துட்டு வரேன்" என்று பாஷ்யம் சாரிடம் சொல்லிவிட்டு, தூதர் ஏறியிருந்த காரின் முன் சீட்டில் உட்கார்ந்தேன். சார் வாயைத் திறப்பதற்குள் கார் நகர்ந்துவிட்டது. மாமல்லபுரத்தில் வாங்கிய யானை மாமல்லபுரத்துக்கே திரும்பிப் போனது.

கொளவாய் ஏரி தாண்டும் வரைக்கும் தைரியம் வரவில்லை. தூதர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் பார்த்ததைவிட வயசாகத் தெரிந்தார். நான் திரும்பி உட்கார்ந்து, நேற்று முதலில் அடித்தேனே, அந்த வாக்கியத்தைச் சொன்னேன். இவருடைய மகன். பெயர் விஷால். வயது இருபத்திரண்டு. நாளைக் காலை கையெழுத்துப் போட வேண்டும். போகலாமா, கூடாதா?

அவர் ஜன்னலை விட்டுத் திரும்பினார். ஓட்டிக்கொண்டிருந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஐ டோன்ட் நோ" என்றார். பிறகு மெதுவாக, தான் வேலையை விட்டு ஒன்பது வருஷமாகிறது, இப்போது தெரிந்ததெல்லாம் பேப்பரில் படிப்பதுதான், நிறையக் கப்பல்கள் பத்திரமாகத்தான் போய் வருகின்றன, எது அடிபடும் என்று எவராலும் சொல்ல முடியாது, ஒரு தகப்பனிடம் தெரிந்ததுபோலச் சொல்லத் தனக்கு உரிமையில்லை, மன்னித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை.

"இன்னாம்மா சொல்றாரு?"

திருக்கழுக்குன்றம் மலை வலப்பக்கம் வந்துகொண்டிருந்தது. இறங்கிய பையனுக்கு வேறு கப்பல் கிடைக்காமலே போகலாம். அப்பனும் பிள்ளையும் என் தலையைப் போட்டு உருட்டுவார்கள். உருட்டட்டும், அவன் உயிரோடு எதிரே நின்று திட்டட்டும், கேட்டுக்கொள்கிறேன் என்று தோன்றியது.

"வாணாம்னு சொல்றாருண்ணா. எறங்கிடச் சொல்றாரு."

அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். கண்ணாடியில் ஒரு தடவை பின் சீட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஓட்டலில் இறங்கும்போது தூதர் அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். யானையையும் வாங்கிக்கொண்டு போனார்.

திரும்பும்போது அண்ணன் கடற்கரைக்குப் போகிற சந்தில் காரை நிறுத்தினார். மணி ஐந்தரை. வெளியே நின்று போனை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு உரக்கப் பேசினார். "டேய் விஷாலு, நைனா பேசறன். அந்தப் பெரியவர கேட்டுட்டன்டா. வாணாம்னுட்டாரு. கையெழுத்து போடாத, எறங்கி வந்துடு. வேற எதுனா பாத்துக்கலாம். இன்னா, புரியுதா?" அனுப்பிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். போனை முன்னால் ஸ்பீடோமீட்டர்மேல் சாய்த்து வைத்தார்.

"'ஐ டோன்ட் நோ'ன்னா எனுக்குத் தெரியும்மா" என்றார், என்னைப் பார்க்காமலே. "பன்னண்டு வருசமா இந்த ஆளுங்களக் கூப்டுகினு போறன். அதுகூடவா தெரியாது?"

"அப்பறம் ஏண்ணா அப்பிடி அனுப்புனீங்க?"

"ஆராயி இருந்தா முத நாளே வாணாம்னு கத்தி கூப்பாடு போட்டிருப்பா. நா வாணான்னா, 'நைனா, நீ பயந்தாங்கொள்ளி'ன்னுவான். வூட்ல இன்னொரு ஆளு இல்லியேம்மா அத சொல்றதுக்கு." சரிந்த போனை நேராக்கி வைத்தார். "நீ சொன்ன. போதும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீடுகளுக்கு இடையில் ஒரு துண்டுக் கடல் தெரிந்தது, கப்பல் எதுவும் இல்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அனுப்பிய செய்திக்குக் கீழே ஒரே ஒரு டிக், இன்னும் போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து தள்ளி நிற்கும் கப்பலுக்கு சிக்னல் வர நேரமாகும் என்றார். அது எனக்கும் தெரியும். திரை மங்கியது. விரலால் தொட்டார். ஒரு டிக். மறுபடி மங்கியது. இந்தத் தடவை நான் தொட்டேன்.