மூன்று மணிக்கு வந்த குப்பை வண்டி

எங்கள் சந்தின் முப்பத்தொரு குடும்பங்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பைப் பையோடு தெருவில் நிற்க வைத்தவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்கிற எந்தக் காரியமும் எனக்கு இவ்வளவு நன்றாக வந்ததில்லை.

முந்தின நாள் ஒரு திருகாணிக் கம்பெனியின் ஆண்டு முடிவு விருந்தில் ராப் பாடப் போயிருந்தேன். நான் இரண்டாவது பாட்டைத் தொடங்கியபோது மீன் தட்டு வந்துவிட்டது. அதன் பிறகு யாரும் மேடைப் பக்கம் திரும்பவில்லை. வரும் வழியில் மழை பிடித்து, என் பெரிய ஸ்பீக்கர் நனைந்தது. மறுநாள் அதை மூன்றாவது மாடி பால்கனியில் காயவைத்தேன். உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கணினியின் வயரைச் சொருகி ஒரு தட்டுத் தட்டினேன். இருந்தது. அந்த மகிழ்ச்சியில் வயரைப் பிடுங்க மறந்து, உள்ளே வந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

வேலை என்னவென்றால், குப்பை வண்டி தான் வருவதை அறிவிக்கப் போடும் பியானோ மெட்டு. அதைப் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். முதல் எட்டு சுரங்களை வெட்டி, சுழலவிட்டு, அடியில் ட்ரம் போடுவதாகத் திட்டம். ட்ரம் போடுவதற்கு முன்னால் வெறும் மெட்டையே பதினோரு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். தோள் வேறு ஆட்டினேன்.

எங்கள் காவ்சியோங் நகரில் வளர்ந்தவர்களுக்கு அந்த மெட்டு காதில் விழுவதில்லை, காலில் விழும். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் வேண்டும். வண்டி நம் வாசலில் இரண்டு நிமிடம்தான் நிற்கும். விட்டால் அன்று குப்பையோடுதான் படுக்கை. அதுவும் சந்திரப் புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்பு, வீடு வீடாக ஒட்டடை அடித்து, பழையதை எல்லாம் மூட்டை கட்டி வைத்திருக்கும் நேரம். ஞாயிறுகளில் வண்டி கிடையாது என்றாலும், அந்த வாரம் கோவில் பக்கத்துப் பெரிய தெருவுக்கு மட்டும் தனி வண்டி விட்டிருந்தார்கள். மெட்டைக் கேட்ட எங்கள் சந்து, நம்ம பக்கமும் வந்துட்டான்டா என்று இறங்கிவிட்டது.

ஹெட்ஃபோனைக் கழற்றியபோதுதான் என் மெட்டு வெளியிலிருந்தும் வருவது தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். சந்து முழுக்கத் தலைகள். கையில் பைகள், உடைந்த நாற்காலிகள், ஒரு மீன் தொட்டி. நடுவில் காலைச் சிற்றுண்டிக் கடை சூகிம் அக்கா, நான்கு மாடி தனியாளாக இழுத்து வந்த மெத்தை மேல் சாய்ந்துகொண்டு, வண்டி வரும் திசையைப் பார்த்து நின்றார். பதினோரு வருட மேடை வாழ்க்கையில் என் இசையைக் கேட்டு இத்தனை பேர் வீட்டை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

நான் என்ன செய்தேன்? வயரைப் பிடுங்கினேன். திரைச்சீலையை இழுத்து விட்டேன். தரையில் உட்கார்ந்தேன்.

என் கடைசி ஆல்பத்தின் பெயர் 'சந்தின் குரல்'.

அன்று சாயங்காலம் மழை பெய்தது. திரும்ப மேலே ஏற்ற முடியாத மெத்தை, கடை வாசலில் ஊறிக் கிடந்தது. அதற்குள் சூகிம் அக்கா புகார் எண்ணுக்குப் போன் போட்டு முடித்திருந்தார். "வண்டி சந்து முனை வரைக்கும் பாட்டுப் போட்டுட்டு வந்துச்சு, பத்து நிமிஷம் நின்னுச்சு, உள்ள வராமலே ஓடிப்போச்சு." சந்தின் குழுச் செய்தியில் இருபத்தாறு பேர் அதற்குக் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். சும்மா இருந்தால் சந்தேகம் வருமென்று நானும் ஒரு கட்டைவிரலைத் தூக்கி வைத்தேன்.

இருட்டுவதற்குள் கீழே போகலாமென்று கதவைத் திறந்தால் படியில் ஒரு அட்டைப் பெட்டி. சிவப்புப் பிளாஸ்டிக் கயிறு கட்டியிருந்தது. உள்ளே பழைய இசைத்தட்டுகள் பன்னிரண்டு. கயிற்று முடிச்சைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது.

ஆ-தெங்.

பத்தொன்பது வயதில் நானும் அவனும்தான் சேர்ந்து பாட ஆரம்பித்தோம். எனக்குக் 'கருவாடு' என்று மேடைப் பெயர் வைத்தவன் அவன்தான். அவனுக்குக் குழந்தை பிறந்ததும் மைக்கை வைத்துவிட்டுக் குப்பை வண்டியில் தற்காலிக ஆளாகச் சேர்ந்தான். நிரந்தர வேலைக்கு, பதினைந்து கிலோ மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மூன்றாவது தடவை ஓடித் தேறினான். அந்த ஓட்டத்தை நான் பாட்டாக எழுதினேன். அதில் ஓடுவது 'நான்'. மூச்சு வாங்குவதுகூட என் மூச்சுதான். தலைநகர் தாய்பேயில் கைதட்டினார்கள். எப்படி இருக்கு என்று அவனைக் கேட்டபோது, "சத்தமா இருக்குடா" என்றான்.

எங்கள் சந்தில் யாரிடமும் நேரான பதில் வாங்க முடியாது. சூகிம் அக்காவிடம் கேட்டால், "நல்லாத்தான் இருக்கு. முட்டை ஒண்ணா ரெண்டா?" அறுபதைத் தாண்டியவர். அக்கா என்று கூப்பிட்டால்தான் இரண்டாவது முட்டை வரும்.

குப்பையில் யாராவது இசைத்தட்டு போட்டால் ஆ-தெங் எனக்காக ஒதுக்கி வைப்பான். அது தப்பு. வண்டியில் விழுந்த ஒரு சோற்றுப் பானையை வீட்டுக்குக் கொண்டு போனாலும் வேலை போகும். அக்கா சொன்னபடி அன்றைக்குக் கோவில் தெரு வண்டி நிஜமாகவே சந்து முனையில் நின்றிருக்கிறது; ஏன் என்று இப்போது எனக்குப் புரிந்தது. இந்தப் பெட்டியை என் படியில் வைக்க வந்திருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு, உண்மையான வண்டி வந்தது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, அரைப் பை குப்பையோடு நின்றேன். ஆ-தெங் வண்டியின் பின்படியில் தொற்றிக்கொண்டு வந்தான். முகம் கறுத்திருந்தது.

"ஆ-தெங், அந்தப் பெட்டி..."

"எந்தப் பெட்டி?" என்று ஓட்டுநர் பக்கம் கண்ணைக் காட்டினான். பிறகு என் பையை வாங்கிக்கொண்டே தாழ்ந்த குரலில், "வெள்ளிக்கிழமை ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்காங்கடா. புகார் வந்திருக்கு. வண்டி ஏழு நிமிஷம் இந்த முனையில நின்னது பதிவாயிருக்கு. ஏன் நின்னேன்னு கேப்பாங்க."

"என்ன சொல்லப் போற?"

"என்னத்தச் சொல்ல? நிரந்தர வேலையில சோதனைக் காலம் முடிய இன்னும் ரெண்டு வாரம்தான் பாக்கி."

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். "ஒண்ணும் ஆகாதுடா" என்றேன்.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். வண்டி நகர்ந்தது. மேடையில் நிமிடத்துக்கு இருநூறு சொல் பேசுகிறவனுக்கு அந்த இரண்டு நிமிடத்தில் கிடைத்தது அந்த இரண்டு சொல்தான்.

புதன்கிழமை வண்டி கிடையாது. அன்று நான் செய்த காரியத்தைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. மன்னிப்பை ஒரு பாட்டாக எழுதினேன். உட்கார்ந்தால் ஊற்றெடுக்கிறது! 'உன் முதுகில் மூட்டை, என் வாயில் பூட்டு' என்று ஒரு வரி. குரலைப் பதிவு செய்தேன். நடுங்கியது, நன்றாகவே நடுங்கியது. இன்னும் கொஞ்சம் நடுங்கினால் தேவலை என்று ஆறு தடவை பாடினேன். எதிரொலி சேர்த்தேன். நாலு மணி வாக்கில், இதையே புது ஆல்பத்தின் முதல் பாட்டாக விடலாமே என்று தோன்றியது. அட்டைப்படத்துக்கு நனைந்த மெத்தையைப் படம் எடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். அப்போதுதான் மேசையடியில் காலில் இடித்தது அந்தப் பெட்டி. சிவப்புக் கயிற்றை நான் இன்னும் மடித்துக்கூட வைக்கவில்லை.

பாட்டை அழித்தேன். ஒரு நகல் வைத்துக்கொண்டு அழித்தேன். பிறகு நகலையும் அழித்தேன்.

வியாழக்கிழமை காலையில் சூகிம் அக்கா கடைக்குப் போனேன். கல்லில் முட்டை அடை பொரிந்துகொண்டிருந்தது. கடைக்குள் என் பாட்டு ஓடியது. மணல் மூட்டைப் பாட்டு.

"வா கலைஞரே. ஒண்ணா ரெண்டா?"

"ஒண்ணும் வேணாம்க்கா. ஞாயித்துக்கிழமை வந்த வண்டி..."

"அந்த நாசமாப் போனவனுங்களா? மெத்தையைத் தூக்கி என் இடுப்பு போச்சு. விடமாட்டேன்."

"அது வண்டி இல்லக்கா. நான்."

கரண்டி நின்றது. ஸ்பீக்கர் காய்ந்தது, நான் தோளாட்டியது, திரைச்சீலை எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை மட்டும் சொல்லவில்லை. அது ஆ-தெங்கின் விஷயம், நான் ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றம் இல்லை. அடை கருகும் வாடை வந்தது. பரிமாறும் இடத்துக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சாப்பிட்ட மூன்று பேரும் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்கள்.

"நாலு மாடிடா பாவி" என்றார் அக்கா. "நாலு மாடி! நீ மேலேருந்து பாத்துக்கிட்டு இருந்தியா?"

"திரைச்சீலையைச் சாத்திட்டேன்க்கா."

"சாத்திட்டாராம்!" கரண்டியாலேயே வழியைக் காட்டினார். "நட. தலைவர் வீட்டுக்கு நட."

வார்டு தலைவர் யாப், அறுபத்தெட்டு வயது, தடுப்பூசி முகாமையும் குழாய்த் தண்ணீர் நிற்பதையும் அறிவிக்க வீட்டிலேயே மைக் வைத்திருப்பவர். சந்து முழுக்க அவருடைய ஒலிபெருக்கிகள் உண்டு. விஷயத்தைக் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கத் தேநீரைக் குடித்தார். அது மூக்கு வழியாக வந்தது.

"எல்லாரும் சந்துலயே போட்டுட்டுப் போன குப்பைய மூணு நாள் நான்தானே கூட்டினேன்" என்றார். பிறகு மைக்கை என் பக்கம் தள்ளினார். "நீயே சொல்லு. பாட்டெல்லாம் வேணாம். பேசு."

வாழ்க்கையில் எத்தனையோ மைக் பிடித்திருக்கிறேன். இது முக்கால்வாசி துருப்பிடித்தது, மேலே ஒரு துணி சுற்றியிருந்தது. வெளியே ஒலிபெருக்கிகளில் நான் மூச்சு விடுவது மட்டும் சந்தெல்லாம் கேட்டது. இந்தத் தடவை அது என் சொந்த மூச்சு.

"மூணாம் மாடி கருவாடு பேசறேன்" என்றேன். "ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வந்தது குப்பை வண்டி இல்ல. நான்தான். மெட்டு என் ஸ்பீக்கர்லேருந்து வந்துச்சு. வண்டிக்காரங்க மேல தப்பு இல்ல. எல்லாரும் நிக்கறத பாத்தேன். பாத்துட்டும் ஒளிஞ்சுக்கிட்டேன். மன்னிச்சுக்கங்க."

எதிர் மாடியிலிருந்து யாரோ, "மீன் தொட்டிய உன் தலையில கவுக்கணும்டா!" என்று கத்தினார்கள். அது மைக்கிலும் விழுந்து, திரும்பச் சந்தில் கேட்டது.

சூகிம் அக்கா அங்கேயே போன் போட்டுப் புகாரைத் திரும்பப் பெற்றார். வெள்ளிக்கிழமை காலை நான் ஆபீசுக்குப் போய், என் அசட்டுத்தனத்தை ஒன்றரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்த அதிகாரி இரண்டு தடவை படித்தார். தொழில் என்ற இடத்தில் எழுதியிருந்ததை மூன்றாவது தடவை படித்தார். வண்டி நின்ற ஏழு நிமிடத்துக்குக் கோவில் கழிப்பறை என்று ஓட்டுநர் சொல்லிவிட்டாராம். யாரும் தோண்டவில்லை.

அன்று சாயங்காலம் ஆறு நாற்பது. மெட்டு சந்துக்குள் நுழைந்தது. "இது நிஜ வண்டியா, கருவாடு வண்டியா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சூகிம் அக்கா என் கையில் மெத்தையின் ஒரு முனையைக் கொடுத்திருந்தார். ஊறிப்போன மெத்தை பதினைந்து கிலோவுக்கு மேலேயே இருக்கும். இருபது அடி தூக்குவதற்குள் எனக்கு இரைத்தது. மறுமுனையை ஆ-தெங் வந்து வாங்கிக்கொண்டான்.

இரண்டு பேருமாகச் சேர்த்து உள்ளே தள்ளினோம். இயந்திரம் அதை மென்றது.

"ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?" என்றேன்.

"புகார் இல்லன்னா விசாரணையும் இல்லயாம். போகச் சொல்லிட்டாங்க." கையுறையைத் தட்டினான். "உன் கதவை அன்னைக்கு உடைக்காத குறைதான்டா. பெல் அடிச்சேன், காலால எட்டி உதைச்சேன்."

"அப்ப மெட்டு நான்தான்னு..."

"பின்பக்கப் படியில ஏறி வர்றேன், தலைக்கு மேல பாடுது. எங்க வண்டி ஸ்பீக்கர் கிழிசல். ஆறாவது சுரத்துல விக்கும். நீ போட்டதும் விக்குச்சு, விடாம விக்குச்சு. எனக்குத் தெரியாமப் போகுமா?"

"அஞ்சு நாளாத் தெரிஞ்சும் ஏன்டா சொல்லல? பெட்டிக்குப் பயந்தா?"

"அதுவும்தான்." பின்படியில் ஒரு காலை வைத்தான். "நீயா வந்து சொல்றியான்னும் பாத்தேன்."

ஓட்டுநர் ஹாரன் அடித்தார். இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. நான் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லுவேன்னு நெனச்சியா? உண்மையச் சொல்லுடா. சொல்லுவேன்னு நெனச்சியா?"

ஆ-தெங் கம்பியிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான், வண்டி நகரும்போது கை மாட்டிக்கொள்ளக் கூடாதென்று.

"இல்லடா" என்றான். "நெனைக்கல."