அக்காவுக்குத் தெரியாமல் ஒரு மலை

யூஜினி சுவிற்சர்லாந்துக்குப் போவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை லண்டனிலிருந்து போய் மூன்று நாள் நின்றாள். அந்த மூன்று நாளில் அவள் பார்த்தது ஏழு சோபா, நாலு கலியாண வீடியோ, பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியவீட்டு அல்பம். இறங்கிய அன்றே, லூசேர்னுக்குப் பக்கத்து எம்மன்புரூக்கேயில் கணவன் றேமன்டின் அக்கா பற்றிமா நண்டும் ஆட்டிறைச்சியும் புட்டுமாக மேசையை நிரப்பிவிட்டாள். அடுத்த நாள் ஓஸ்டர்முண்டிகனில் பெரியப்பாவின் மகன் வீடு, அதற்கடுத்த நாள் டீட்டிகோனில் சின்னம்மாவின் மகள் வீடு. ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டுக்குப் போகாமல் விட்டால், அந்தக் கோபம் பிள்ளைகளின் காலத்திலும் தீராது.

மலை? மலை கார்க் கண்ணாடிக்கு வெளியே தூரத்தில் நின்றது. "அது எங்க ஓடப்போகுது, பிறகு பாப்பம்" என்றார்கள். யூஜினி மூன்று கிலோ கூடிப்போய் லண்டன் திரும்பினாள். சுவிஸ் எப்படி என்று வேலையிடத்தில் கேட்ட வெள்ளைக்காரியிடம், சொக்லேற் பெட்டியில் இருந்த மலைப் படத்தைக் காட்டிச் சமாளித்தாள்.

அதற்கு மூன்று வருடம் கழித்து, 2006இல், திரும்பவும் சுவிசுக்குப் போவதாக ஏற்பாடாகியிருந்தபோது அவளுக்கு நாற்பது வயது வந்தது. "எனக்கு நகை வேண்டாம், சீலையும் வேண்டாம்" என்றாள் றேமன்டிடம். "ஒருக்கால் பனியில கால் வைக்க வேணும். அவ்வளவுதான். ஒருத்தற்ற வீட்டையும் போகாமல்."

கடைசி வசனத்தைக் கேட்டதும் றேமன்டின் முகம் பேயறைந்தது போலானது. அவர்கள் வருகிறார்கள் என்று பற்றிமாவுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அவள் மூன்று நாள் லீவும் எடுத்துவிட்டாள். பதினொரு வயதில் தாயை இழந்த றேமன்டை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். ஆனால் அவளுடைய கோபம் லேசுப்பட்டதில்லை. பேர்ணுக்கு வந்தும் தன் வீட்டை எட்டிப்பார்க்காமல் போன ஒரு மச்சானோடு ஐந்து வருடமாகப் பேச்சில்லை. அவன் கிறிஸ்மஸுக்கு அனுப்பும் வாழ்த்து மட்டைகளை உறைகூடப் பிரிக்காமலே திருப்பி அனுப்புகிறாள்.

"உமக்கு விசரே? அக்கா அறிஞ்சால் அதோட சரி. நான் செத்தாலும் வரமாட்டா."

"அறிஞ்சால்தானே?" என்றாள் யூஜினி.

திட்டம் முழுக்க அவளுடையது. லீவு கிடைக்கவில்லை, வர முடியாது என்று றேமன்ட் போன் எடுக்க வேண்டும். பற்றிமா தன் லீவை ரத்துச்செய்துவிட்டு, வழக்கம் போல முதியோர் இல்லத்துச் சலவை அறைக்குப் போய்விடுவாள். வேலை நாளில் அவள் ஊர் சுற்றுகிற ஆளில்லை. இவர்கள் லூசேர்ன் ஹோட்டலில் தங்கி, மலையைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் திரும்பிவிடலாம்.

றேமன்ட் போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தான். "ஒரு சொல்லு ஏசேல்ல யூஜினி. 'பரவாயில்லையடா தம்பி, வேலைதானே முக்கியம்' எண்டா. அக்காவின்ர குரலே மாறிப்போச்சு. பாவம்."

யூஜினிக்கும் நெஞ்சில் முள் குத்தத்தான் செய்தது. ஆனாலும் அவள் விமானச்சீட்டை மாற்றவில்லை.

லூசேர்னில் இறங்கியதும் சட்டம் போட்டாள்: வெளியே ஆங்கிலம் மட்டும், கறுப்புக் கண்ணாடி கட்டாயம், யாராவது ஊர் கேட்டால் மொரீசியஸ். பட்டணத்துக்குள் நடந்த பிறகுதான் இந்தச் சட்டமும் போதாது என்று தெரிந்தது. எந்தச் சாப்பாட்டுக் கடையின் பின்கதவு திறந்தாலும் ஒரு தமிழ் முகம் எட்டிப்பார்த்தது. ஆற்றின் குறுக்கே போகும் பழைய மரப்பாலத்தில் எதிரே இரண்டு பேர் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள். யூஜினியும் றேமன்டும் சட்டென்று அண்ணாந்து, பாலத்துக் கூரைக்குள் இருந்த ஓவியங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பழைய ஓவியங்களை அவ்வளவு நேரம், அவ்வளவு பயபக்தியோடு வேறு எந்தச் சுற்றுலாப் பயணியும் பார்த்திருக்க மாட்டான்.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் அடுத்த சோதனை. கோப்பி கொண்டுவந்தவர் றேமன்டை உற்றுப் பார்த்து, "அண்ணை ஊரில எவடம்?" என்றார். றேமன்ட் வாயைத் திறப்பதற்குள் யூஜினி முந்திக்கொண்டு, மன்னிக்க வேண்டும், நாங்கள் மொரீசியஸ், தமிழ் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, பாண் அடுக்கிக்கொண்டிருந்த மற்றவரிடம் போனார். "மூக்கைப் பார். அச்சொட்டா எங்கட பற்றிமா அக்காவின்ர மூக்கு. மொரீசியஸாமடாப்பா."

"பாவம், தாய்மொழி தெரியாத சனம்" என்றார் மற்றவர். அந்த இரக்கத்தில் இரண்டு பாண் துண்டு கூடுதலாகவும் வந்தது. றேமன்ட் கடைசி மிடறு கோப்பி வரைக்கும் மூக்கைத் துடைப்பது போல மூடிக்கொண்டே இருந்தான்.

ஆனால் மலையடியில் உள்ள எங்கெல்பெர்க்குக்கு ரயில் ஏறியதும் யூஜினிக்கு எல்லாம் மறந்துபோனது. பிறகு மூன்று கேபிள் கார். கடைசியில் ஏறியது நின்ற இடத்திலேயே எல்லோரையும் மெல்லச் சுழற்றிக்காட்டிக்கொண்டு போனது. கீழே ஆனி மாதத்து வெயில், மேலே திட்லிஸ் உச்சியில் கண் கூசும் வெள்ளை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து காலை வைத்தாள். சப்பாத்து கணுக்கால் வரை புதைந்தது. ஒரு பிடி பனியை அள்ளிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சின்னப்பிள்ளை போலச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. நாற்பது வருடத்தில் அவள் தனக்கென்று கேட்டு வாங்கிய முதல் காரியம் இதுதான்.

"படம் எடுங்கோ, படம் எடுங்கோ!" என்று சட்டத்தை மறந்து தமிழில் கத்தினாள்.

றேமன்ட் கமராவை எடுத்தான். அப்போதுதான் மேலேயிருந்து ஒரு அலறல் கேட்டது.

"ஐயோ மாதாவே! பிடியுங்கோ! ஆராவது பிடியுங்கோ!"

சறுக்குப் பாதையில் காற்றடித்த பெரிய ரப்பர் வளையம் ஒன்று சுழன்று சுழன்று வந்தது. அதற்குள் ஒரு பெண், இரண்டு காலும் ஆகாயத்தைப் பார்த்தபடி. வளையம் பாதையின் முடிவிலும் நிற்காமல் வழுக்கி வந்து றேமன்டின் முழங்காலில் மோதி நின்றது. ஊதா நிறக் குளிர்தொப்பி கண்ணை மறைத்திருந்தது. அவள் சிரித்தபடியே அதை மேலே தள்ளினாள்.

அதே மூக்கு.

மூன்று பேரும் அசையவில்லை. தன்னுடைய ஒரு பிடி பனிக்காக இவனுடைய ஒரே அக்காவைப் பறித்துவிட்டோமே என்று யூஜினி நினைத்தாள். மலையே வேண்டாம், இந்த நிமிடம் எம்மன்புரூக்கேயில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தால் போதும் என்றிருந்தது.

"உனக்கு லீவு கிடைக்கேல்லையெல்லோ?" என்றாள் பற்றிமா.

"நீங்கள்... வேலையிலயெல்லோ?" என்றான் றேமன்ட்.

"மச்சாள், பிழை என்னில. நான்தான் அவரைப் பொய் சொல்ல வைச்சனான்" என்று யூஜினி பனிக்குள்ளேயே முழங்காலில் இருந்துவிட்டாள். "ஒருக்கால் மலையைப் பாக்கோணும் எண்டு ஆசை. வீட்டை வந்தால் விடமாட்டியள் எண்டு..."

பற்றிமா பதில் சொல்ல வாயெடுக்கும்போது அவளுடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, மற்ற இருவரையும் நோக்கி விரலை உதட்டில் வைத்தாள். "ஓம் மத்தியாஸ். வேலையிலதான் நிக்கிறன். மெசின் ஓடுது, அதான் சத்தம். கறி குளிர்ப்பெட்டியில இருக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ." போனைப் பைக்குள் போட்டாள்.

"அத்தானுக்கும் தெரியாதோ?" என்று கேட்டான் றேமன்ட்.

"சொன்னால் தானும் வருவார். அவர் வந்தால் சோறு கட்டிக்கொண்டு வர வேணும்." வளையத்துக்குள் கிடந்தபடியே கதைத்தாள். "இஞ்ச வந்து பதினெட்டு வருசம். வாற சனத்துக்கெல்லாம் சமைச்சுச் சமைச்சே லீவு முடிஞ்சு போகும். இந்த மலையை நான் சலவை அறை யன்னலாலதான் பாத்தனான். நீங்கள் வரேல்லை எண்ட உடன லீவு கையில மிஞ்சிச்சு. எனக்கு வந்த சந்தோசத்தில குரலே வரேல்லையடா."

"பிறகேன் போனமுறை எங்களுக்கு அப்பிடிச் சாப்பாடு தீத்தினீங்கள்?" என்று கேட்டாள் யூஜினி. பயம் போய் இப்போது கொஞ்சம் கோபமே வந்திருந்தது.

"நீங்கள் சாப்பிடத்தான் வாறியள் எண்டெல்லோ நினைச்சன்!"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. ஒரு வட இந்தியக் குடும்பம் விலகிப் போகும் அளவுக்கு மூன்று பேரும் சிரித்தார்கள். அன்று பின்னேரம் வரை பற்றிமா பதினான்கு தடவை சறுக்கினாள். யூஜினி பதினொன்று. றேமன்ட் ஒரே தடவைதான், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. இவ்வளவு காலமும் பயந்து நடுங்கிய மச்சாளைத் தனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று யூஜினி கனவிலும் நினைத்ததில்லை.

லூசேர்ன் ரயில் நிலையத்தில் பிரியும்போது றேமன்டின் மனச்சாட்சி விழித்துக்கொண்டது. "அக்கா, நாளைக்கு நாங்கள் வீட்டை வரட்டோ? ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறம்."

"வந்தியெண்டால் காலை முறிப்பன்" என்றாள் பற்றிமா. "நாளைக்கும் எனக்கு லீவு இருக்கு. ஏரியில கப்பலில போகப்போறன்."

நாலு அடி நடந்தவள் நின்று, யூஜினியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒன்பது மணிக்குக் கப்பல். வாறதெண்டால் சாப்பிட்டிட்டு வாங்கோ."