மூடிக்குள் ஒரு சிவப்புப் பொட்டு

உவைஸின் கையிலிருந்து கண்ணை எடுப்பதில்லை என்ற முடிவோடுதான் ஷைலா அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். உக்கடத்தில் பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற கடை அது. போன வாரம் அவளுக்கு மதர்போர்டு விற்றவரும் உவைஸ்தான், இப்போது அதன் சாக்கெட்டில் வளைந்துபோன ஊசி போன்ற பின்களை நிமிர்த்துகிறவரும் அவர்தான். அசந்த நேரத்தில் போர்டையே மாற்றி வேறொன்றைத் தலையில் கட்டிவிட்டால்?

சந்தேகப்படுவதில் ஷைலாவை மிஞ்ச ஆளில்லை. ஒருமுறை மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்து நல்ல மோட்டாரைப் பறிகொடுத்தவள். அதிலிருந்து, வீட்டைவிட்டு வெளியே போகிற எந்தச் சாமானுக்கும் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துத்தான் அனுப்புவாள். பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிற ஊர்தானே நம்முடையது. மதர்போர்டில் பேர் வெட்ட முடியாது, அதனால் பொட்டு. கல்யாண ஆல்பம் டிசைன் செய்து பிழைக்கிறவளுக்குக் கம்ப்யூட்டர்தான் சோறு. போர்டை வாங்கி வந்ததும் மூலையில் ஒன்று வைத்தாள். அதைப் பார்த்து எவனாவது வேறொரு போர்டிலும் அப்படியே வைத்துவிட்டால் என்ன செய்வது? ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டின் கறுப்பு மூடியைக் கழற்றி, சாக்கெட்டின் உள்விளிம்பில் ரகசியமாக இன்னொன்று வைத்து, மறுபடி மூடினாள். அதற்குப் பிறகுதான் மனசு ஆறியது.

போர்டைக் கம்ப்யூட்டரில் பொருத்திக் கொடுத்தவன் ஜெஃபின். அவள் போகிற சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடுகிறவன். காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மூடியைத் திறந்ததும், "இதென்னங்கக்கா உள்ள செவப்பா இருக்குது?" என்று கேட்டான். ஷைலா உஷாரானாள். பயல் அடையாளத்தை அழிக்க வழி பார்க்கிறான்.

"யாரு கண்டா? பழைய போர்டுதான," என்றாள்.

அவன் பொருத்தி பவர் கொடுத்தான். ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. கழற்றிப் பார்த்தால் சாக்கெட்டின் ஓரத்தில் சில பின்கள் வளைந்து கிடந்தன. ஷைலா நேராக அவன் முதலாளியிடம் போய், உங்கள் ஆள் போர்டைப் பாழாக்கிவிட்டான் என்றாள். விவகாரம் தீரும்வரை கடைப்பக்கம் வராதே என்று முதலாளி அவனை அனுப்பிவிட்டார். அவன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது அவளுக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் தப்பு செய்யாதவன் ஏன் வாயைத் திறக்காமல் போகிறான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஒருவேளை விற்கும்போதே வளைந்திருந்தால்? அதற்காகத்தான் உக்கடத்துக்கு வந்திருந்தாள்.

"ஏனுங்க பாய், நீங்க விக்கறப்பவே இப்படித்தான இருந்துச்சு?"

"டார்ச் அடிச்சுக் காட்டுனனுங்களே அக்கா. எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சு வரிசையா நின்னுச்சு. நீங்களும் பாத்துத் தலையாட்டுனீங்க."

தலையாட்டினாள்தான். என்ன பார்த்தோம் என்று தெரியாமல்தான் ஆட்டினாள். அதை இவரிடம் ஒத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

உவைஸ் விளக்கு வைத்த பூதக்கண்ணாடியை இழுத்து, மூச்சை அடக்கி, ஊசி முனையால் ஒவ்வொரு பின்னாக நெம்பினார். பாதியில் கை நின்றது.

"இங்க பாருங்கக்கா."

ஷைலா குனிந்தாள். கண்ணாடிக்குள் பின்கள் பெரிதாகத் தெரிந்தன. வளைந்தவற்றின் முனையில் மட்டும் சிவப்பு. விளிம்பிலிருந்த பொட்டிலிருந்து அது ஒரு கோடாக இழுபட்டிருந்தது.

"பிரஷ்ஷோ என்னமோ உள்ள பட்டிருக்குதுங்க. அது போன பக்கமே பின்னும் சாஞ்சிருக்குது. ப்ராசஸர் வெச்சு வளைஞ்சதில்லீங்க இது."

கண்ணாடியின் கைப்பிடியை ஷைலா பிடித்திருந்தாள். அவள் நகங்களிலும் அதே சிவப்பு. உவைஸ் நகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி போர்டுக்குக் குனிந்துகொண்டார். அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். வெட்கத்தில் காது சுட்டது. இத்தனை நாளும் யார் யாரையோ தேடியதெல்லாம் இதற்குத்தானா?

உவைஸ் பின்களை நிமிர்த்தி, சிவப்பைத் துடைத்தெடுத்து, ப்ராசஸரை வைத்தார். திரை வெளிச்சமானது.

"காலைல ஜெஃபின் தம்பி வந்திருந்தாருங்க," என்றார் போர்டைப் பார்த்தபடியே. "வேற யாரும் தொடலை, அப்ப என் கைதான் தவறியிருக்கோணும், உங்க கடைமேல பழி வேண்டாமுங்கன்னு சொல்லிப்போட்டுப் போனாரு."

ஷைலா அங்கேயே போனை எடுத்து ஜெஃபினை அழைத்தாள்.

"ஷைலாக்கா, மன்னிச்சுக்குங்க," என்றுதான் ஜெஃபின் ஆரம்பித்தான்.

"உங்க கடைக்கு வா கண்ணு. நானும் வாரேன்."

"இன்னும் எதுக்குங்கக்கா? நான்தான் ஒத்துக்கிட்டனே."

"பின்னை வளைச்சது நான். அந்தச் செவப்பு நான் வெச்சது. உன் மொதலாளிகிட்ட அதைச் சொல்லோணும்."



"கடைக்கு வரவெச்சு எல்லாரு முன்னாலயும் என்னை இன்னும் பேசறதுக்குங்களா?"

"இல்ல கண்ணு. நெசமாத்தான் சொல்றேன்."

"அப்பப் போனைப் பாய்கிட்டக் குடுங்க," என்றான் ஜெஃபின். "அவரு சொல்லட்டும்."

ஷைலா போனை உவைஸிடம் நீட்டினாள்.