நாற்பத்தொரு பொய் தைத்த துணி

என் அக்காவுக்கு ரத்தக்கொதிப்பு. பதினோரு வருடமாகக் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவள் போன மார்ச்சில் நிறுத்திவிட்டாள். மாத்திரைக் கம்பெனி ‘அந்தப் பக்கத்து’ ஆட்களுடையதாம். நம் பக்கத்து ஆட்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கவே அதில் என்னவோ கலக்கிறார்களாம். போனில் வந்ததாம். டாக்டரைக் கேளேன் என்றேன். டாக்டரே அந்தப் பக்கம்தான் என்றாள். அண்ணன் சண்டை போட்டுப் பார்த்தான். அவனையும் அந்தப் பக்கத்தில் சேர்த்துவிட்டாள். இப்போது இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை. வீட்டில் இருவரோடும் பேசுகிற ஒரே பிறவி நான்தான்.

பள்ளிச் சீருடைகளுக்குச் சின்னம் தைக்கிற பட்டறையில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்காகத் தைப்பேன். நூலகத்து மாடிக் கூடத்தை வருடத்துக்கு ஒருமுறை எங்களைப் போன்ற கைவேலைக்காரர்களுக்குக் கண்காட்சி வைக்கத் தருவார்கள். காதில் ஏறாதது கண்ணிலாவது ஏறாதா என்று ஒரு நப்பாசை. அக்கா எனக்கு அனுப்பிய செய்திகளில் நாற்பத்தொன்றைப் பொறுக்கி, வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றில் எழுத்து மாறாமல் தைத்தேன். நடுவில் மாத்திரைச் செய்தி, சிவப்பு நூலில். ஐந்து மாதம் பிடித்தது. துணியைக் கூடத்தின் நடுவே தொங்கவிட்டு, சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்க்கும்படி தரையில் அம்புக்குறி ஒட்டினேன். முன்னால் அழகு, பின்னால் முடிச்சும் சிக்கும். பொய்யின் லட்சணம் இதுதான் என்று அக்காவுக்குப் பொட்டில் அறைந்தாற்போல் புரிய வேண்டும்.

யோசனை பிரமாதம், கைதான் கேட்கவில்லை. எங்கள் மேஸ்திரி எந்தச் சின்னத்தையும் முதலில் திருப்பித்தான் பார்ப்பார். பின்னால் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் மூஞ்சியில் விட்டெறிவார். பதினெட்டு வருடப் பழக்கம். சிக்கலாக விடவேண்டும் என்று ஒவ்வொரு வரியிலும் நினைப்பேன். விரல் தானாக நுனியைச் செருகிவிடும். கடைசி நாள் பின்பக்கத்தைப் பிரித்துவிடலாமென்று கத்திரியோடு உட்கார்ந்தேன். அவ்வளவு நல்ல வேலையைக் கெடுக்க மனசு வரவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்கா கல்யாணத்துக்கு வருகிறவள் மாதிரி உடுத்திக்கொண்டு வந்தாள். நாற்பத்தொன்றையும் நின்று படித்தாள். பின்பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது. கண்ணில் ஏறிவிட்டது என்று நினைத்தேன்.

“நான் அனுப்புறதை நீ படிக்கிறதே இல்லைன்னு நினைச்சேன்டா” என்றாள்.

அப்புறம் துணிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் வரிவரியாக விளக்கம் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் கருத்துப் புத்தகத்தில் ‘விலைபோனவன்’ என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அக்காவை ஜன்னலோரம் இழுத்துப்போய், அத்தனையும் பொய், பொய்யென்று காட்டத்தான் தைத்தேன் என்று உடைத்தே சொல்லிவிட்டேன். அவள் என் கன்னத்தைத் தட்டினாள். அந்தப் பக்கத்துக்குப் பயந்து அப்படித்தான் சொல்லியாக வேண்டும், தனக்குப் புரிகிறது என்றாள். எனக்கு அழுகை வந்தது. துணியைப் படமெடுத்து, தம்பி ஐந்து மாதம் உட்கார்ந்து தைத்தது என்று எழுதி, அங்கேயே நின்று உறவுக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பினாள்.

மறுநாள் காலை வெளியூரிலிருந்து சித்தி கூப்பிட்டார். அவருக்கும் ரத்தக்கொதிப்பு, அதே மாத்திரை. எந்தப் பக்கமும் சேராதவர். அக்கா அனுப்புவதைத் திறந்துகூடப் பார்க்காதவர். நான் தைத்தது என்பதால் இதை மட்டும் பார்த்தாராம். மாத்திரை டப்பாவைக் காலையிலேயே குப்பையில் போட்டுவிட்டாராம்.

பொய் சித்தி, சத்தியமாகப் பொய் என்றேன்.

“பொய்யைப் போய் யாராவது அஞ்சு மாசம் உக்காந்து தைப்பாங்களா?”

“உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன். மாத்திரையப் போடுங்க.”

சித்தி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உன் நிலைமை அக்கா சொன்னா. நீ பயப்படாதே. உன்னாலதான் நிறுத்தினேன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”