பெருவிரல்

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கி, செத்துக் கிடக்கும் அண்ணன் பர்னபாஸின் பெருவிரலைச் செல்வின் பிடித்திருந்ததை அவர் மனைவி கிளாடிஸ் பார்த்துவிட்டாள்.

“ஏலே, என்னல செய்யுத? பொணத்துக்கிட்டயா கைநாட்டு வாங்குத?”

அழுதுகொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். செல்வின் கையில் பத்திரம் இல்லை, பர்னபாஸின் போன்தான் இருந்தது. அதற்காக அவள் நம்பிவிடவில்லை. வீட்டில் பங்கு கேட்டு இரண்டு வருடம் முகம் திருப்பிக்கொண்டு போனவன். இப்போதெல்லாம் போனிலேயே எழுதி வாங்கிவிடுகிறார்களாமே.

“மைனி, கிளைட்டன் மெயில் போட்டிருக்கான். வீட்டுக் கேமரா தெறக்க மாட்டுக்காம்.”

ஒரே மகன் கிளைட்டன் நடுக்கடலில் சரக்குக் கப்பலில் இருந்தான். கப்பலில் வெறும் எழுத்து மட்டும் போகும் மெயிலையும், பர்னபாஸ் கப்பல் கம்பெனிக்கு எழுதிப் போட்டு அனுமதி வாங்கிய, கேமராப் படம் காட்டும் இந்த வீட்டு சர்வரையும் விட்டால் வேறெதுவும் திறக்காது. நாலு மணிக்குக் கோயிலுக்கு எடுக்கிறார்கள். அதற்குள் பார்த்தால்தான் அப்பா முகம்.

“காலைல தெறந்துச்சே?”

“ஐஸ் பெட்டிக்குக் கரண்டு குடுக்க சர்வர், ரூட்டர் எல்லாத்தையும் பிடுங்கிட்டாவ. திரும்பப் போட்டா வீட்டு ஐ.பி. நம்பர், நெட்டுல நம்ம வீட்டு முகவரி, மாறிட்டு. சர்வர் பேர் பதிஞ்சிருக்க டொமைன்ல பழைய நம்பர்தான் கிடக்கு. கப்பல்ல அனுமதி அந்தப் பேருக்குத்தான். அவன் சர்வர் பேர அடிச்சா வேற எங்கயோ போவுது. மாத்தணும்னா ஓடிபி இந்த போனுக்குத்தான் வரும். அண்ணன் வெரல போன் எடுக்க மாட்டுக்கு.”

“போன எங்கிட்ட தா.”

பர்னபாஸ் அதை எப்போதும் குப்புறக் கவிழ்த்தே வைத்திருப்பார். யாருக்கு மறைக்கிறாரோ என்று அவள் எத்தனை நாள் குமைந்திருக்கிறாள். போன கிறிஸ்மஸுக்கு மாவுக் கையைப் பிடித்துத் துடைத்து, அவள் பெருவிரலை இதில் வைத்து வைத்து அழுத்தினார். “என்னத்த எழுதி வாங்குதீய?” என்று கையை உதறியது இப்போது நினைவுக்கு வந்தது.

விரலைச் சேலையில் துடைத்துவிட்டு வைத்தாள். போன் திறந்தது.

அப்போதும் போனைக் கொடுக்கவில்லை. வந்த ஓடிபியின் ஆறு எண்களையும் அவளே படித்துச் சொல்ல, செல்வின் தன் போனில் அடித்தான்.

“எத மாத்துன? காட்டு.”

காட்டினான். ஒரே ஒரு வரி, வீட்டின் புது ஐ.பி. நம்பர்.

தூக்க வந்தவர்கள் வாசலில் செருமினார்கள். “அஞ்சு நிமிசம் பொறுங்க” என்றாள்.

செல்வினின் போன் ஒலித்தது. கிளைட்டனின் மெயிலை வாசித்தான். “தெரியுதாம் மைனி. மால மறைக்காம்.”

கிளாடிஸ் மூடியைத் திறந்து மாலையை நெஞ்சுவரை இறக்கினாள். கேமராவுக்கு முன்னால் நின்ற செல்வினின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“மறைக்காதல. இங்கன உக்காரு.”