எதையும் எறியாத அண்ணனும் ஈயம் தின்ற காளானும்

என் அண்ணன் எதையும் தூக்கிப் போட மாட்டான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எனக்குச் சரியான நேரத்தில் ஞாபகம் வந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. நின்றுபோன கடிகாரம், ஒற்றைச் செருப்பு, செத்துப்போன டிவி வந்த அட்டைப்பெட்டி, எல்லாம் அவன் வீட்டில் பத்திரமாக இருக்கும். தொழிலும் அதற்கேற்ற தொழில்தான். பழைய கார் பேட்டரிகளை வாங்கி உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளைப் பிரித்து விற்பான். தெருவில் அவன் பெயரே பேட்டரி.

பதினைந்து வருடம் வீட்டின் பின்பக்கத்திலேயே உடைத்தான். போன வருடம் குட்டிக்கு, அதாவது அவனுடைய நாலு வயது மகளுக்கு, ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ரத்தத்தில் ஈயம் இருந்தது. இப்போதே நிறுத்தினால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அன்று மாலையே அண்ணி குழந்தையையும் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மாடியில் இருக்கும் தன் அக்காவிடம் போய்விட்டாள். மறுநாள் காலை பால்கனியில் நின்று தீர்ப்பைச் சொன்னாள்.

"அந்த மண்ணு சுத்தமாகற வரைக்கும் நானும் வரமாட்டேன், புள்ளையும் வராது."

அண்ணன் பட்டறையை ஊருக்கு வெளியே மாற்றினான். வேலைத் துணியை அங்கேயே கழற்றிவிட்டுக் குளித்து முடித்து வர ஆரம்பித்தான். சாயங்காலம் வாசலில் நின்று மாடியை அண்ணாந்து பார்ப்பான். குட்டி கையை ஆட்டும், இவனும் ஆட்டுவான்.

அதைப் பார்த்துத்தான் நான் மூக்கை நுழைத்தேன். மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. காளானை வைத்து மண்ணிலிருக்கும் உலோகத்தை வெளியே எடுக்க முடியுமா என்று அங்கே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் பின்பக்கத்து மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி நச்சுக்கழிவுக் கிடங்குக்கு அனுப்பிவிட்டேன். மிச்ச மண்ணில் ஈயம் கிலோவுக்கு ஐந்நூற்று இருபது மில்லிகிராம் என்று வந்தது. நானூறுக்குக் கீழே இறங்கினால் குழந்தை அங்கே விளையாடலாம் என்று அண்ணிக்கு வாக்குக் கொடுத்தேன். பிறகு வைக்கோலில் சிப்பிக் காளான் விதையைக் கலந்து வரிசையாகப் புதைத்துவிட்டு, அண்ணனை உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன்.

"இது நூல் நூலா மண்ணுக்குள்ள பரவும். ஈயத்தை உறிஞ்சித் தன் உடம்புல வெச்சுக்கும். காளானைப் பிடுங்கினா ஈயமும் கூடவே வந்துடும்."

"பிடுங்கின காளானை என்ன பண்றது?"

"டிரம்முல போட்டு மூடணும். நச்சுக்கழிவு லாரி வந்து எடுத்துட்டுப் போகும்."

"அவ்வளவையுமா எறியறது?"

"சமைச்சே, உன்னைக் கொன்னுடுவேன்."

"சேச்சே, சமைப்பேனா." முகம் மட்டும் வாடிப்போயிற்று. அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே, பாடம் எடுக்கிற மும்முரத்தில் இருந்தேன்.

காளான் வந்தது பாருங்கள், கொத்துக் கொத்தாக வந்தது. ஆய்வுக்கூடத்தில் தலைகீழாக நின்றும் எங்களுக்கு இப்படி வந்ததில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் போய் டிரம்மை எடைபோட்டுக் குறித்துக்கொள்வேன். எடை ஏறிக்கொண்டே போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மேலதிகாரியிடம் பீற்றிக்கொண்டேன், அண்ணியிடம் ஒன்றுக்கு இரண்டாக அளந்தேன்.

மூன்று மாதம் கழித்து மண்ணை எடுத்துப் பரிசோதித்தேன். ஐந்நூற்றுப் பதினெட்டு.

கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொரு கருவியில் பார்த்தேன். ஐந்நூற்றுப் பத்தொன்பது. மேலதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க காளான் வேலைநிறுத்தம் பண்ணுது போலிருக்கே" என்றார். நான் பீற்றிக்கொண்டதை அவர் மறக்கவில்லை. விதை சரியில்லையா, வைக்கோல் சரியில்லையா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் அண்ணியிடம் போய் நின்றேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க அண்ணன் இதுவரைக்கும் எதையாவது தூக்கிப் போட்டு நீ பாத்திருக்கியா?"

"இல்ல."

"அப்ப அந்த டிரம்மைத் திறந்து அடி வரைக்கும் பாத்தியா?"

படிப்பு, கருவி, மூன்று மாதக் குறிப்பேடு எல்லாவற்றோடும் நான் அங்கேயே மூக்குடைபட்டேன். இறங்கி ஓடிப்போய் டிரம்மைக் கவிழ்த்தேன். மேலே ஒரு கூடைக் காளான். அதற்குக் கீழே பூராவும் கந்தல் துணி, ஈரக் கந்தல் துணி.

அண்ணன் திருதிருவென்று விழித்தான்.

"காளான் எங்கே?"

"மண்ணுலதான்."

"எந்த மண்ணுல?"

"இதே மண்ணுலதான். உரமாப் போட்டுக் கொத்தி விட்டேன். அதனாலதானே இவ்வளவு வருது. நெறைய காளான் வந்தா சீக்கிரம் சுத்தமாகும், அவங்களும் சீக்கிரம் வந்துடுவாங்கன்னு..."

"கந்தல் எதுக்கு?"

"நீ வாரா வாரம் எடை பாப்பியே. குறைஞ்சா மனசு கஷ்டப்படுவியேன்னு நனைச்சுப் போட்டேன்."

மூன்று மாதமாகக் காளான் உறிஞ்சி எடுத்த ஈயத்தை இவன் மறுபடி மண்ணுக்கே ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். நான் திட்டி முடித்த பிறகுதான் அவனுக்கு விஷயம் விளங்கியது. கொத்திவிட்ட மண்ணைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அப்ப புள்ளை வராம இருக்கறதுக்கு நானேதான் வேலை பாத்திருக்கேனா" என்று கேட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணி பால்கனியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். படியிறங்கி, ஆறு மாதத்தில் முதல் தடவையாகத் தெருவைக் கடந்து வந்தாள்.

"ஒரு பூட்டு குடுங்க."

பூட்டுக்கா அங்கே பஞ்சம். அண்ணன் உள்ளே போய் நல்ல கனமான பித்தளைப் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்தான்.

"இன்னொரு சாவி எங்கே?"

"தொலைஞ்சு போச்சு."

அந்த வீட்டில் ஒரு பொருள் தொலைந்ததாக நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை. அதையும் கோட்டை விட்டேன்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் அண்ணி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வருவாள். டிரம்மைத் திறப்பாள். அண்ணன் கையுறை மாட்டிக்கொண்டு காளானையும் கறுத்த வைக்கோலையும் எடுத்து அவள் கண்ணெதிரே உள்ளே போடுவான். போடும்போது கை கொஞ்சம் தயங்கும். "ம்" என்பாள், போட்டுவிடுவான். அவள் பூட்டிக்கொண்டு போய்விடுவாள். முதல் மாதம் அந்த "ம்" மட்டும்தான் பேச்சு. இரண்டாவது மாதம் குட்டி என்ன சொன்னாள், என்ன சாப்பிட்டாள் என்று ஆரம்பித்தது. நாலாவது மாதத்தில் பத்து நிமிட வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நான் சனிக்கிழமை எடைபோடப் போனால் இரண்டு பேரும் என்னை வேண்டாத விருந்தாளியாகப் பார்த்தார்கள்.

எட்டாவது மாதம் முன்னூற்று எண்பத்திரண்டு வந்தது. மூன்று கருவியில் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். இந்தத் தடவை யாரிடமும் பீற்றிக்கொள்ளவில்லை.

நச்சுக்கழிவு லாரி வந்து, நிரம்பியதும் நான் முத்திரை வைத்த இரண்டு, பூட்டுப் போட்ட ஒன்று என மூன்று டிரம்களையும் ஏற்றிக்கொண்டு போனது. லாரி தெருமுனை திரும்பும் வரை அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றான். கையில் பூட்டு இருந்தது. ஏற்றுவதற்கு முன்பே அண்ணியைத் திறக்கச் சொல்லிக் கழற்றி எடுத்துவிட்டிருந்தான்.

"நல்ல பூட்டு. வாசக் கதவுக்குப் போடலாம்" என்றான்.

"ஒரே சாவியை வெச்சுக்கிட்டா? நீங்க பட்டறைக்குப் போனப்புறம் நானும் புள்ளையும் கதவை எப்படித் திறக்கறது?" என்றாள் அண்ணி.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு உறைப்பதற்குள் அண்ணன் கை சட்டைப்பைக்குள் போய்விட்டது. இன்னொரு சாவி வெளியே வந்தது.

அண்ணி அந்தச் சாவியையே பார்த்தாள்.

"தொலைஞ்சு போச்சுன்னீங்க."

அண்ணன் சாவியை விரலில் திருப்பிக்கொண்டிருந்தான்.

"இதை வெச்சு டிரம்மைத் திறந்தீங்களா?"

"இல்ல."

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "எடை எல்லாம் சரியாதான் இருந்துது அண்ணி. மாசா மாசம் அடி வரைக்கும் கவுத்துப் பாத்தேன்" என்றேன். அவள் மறுபடி அவனைப் பார்த்தாள்.

"பின்னே எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"ரெண்டு சாவின்னா ஒண்ணை என்கிட்ட குடுத்துட்டு, நீங்களே திறந்துக்கோங்கன்னுடுவியோன்னு பயந்தேன். நானே திறந்துக்கிட்டா நீ எதுக்கு வருவே?"

அண்ணி அந்தச் சாவியை அவன் கையிலிருந்து வாங்கித் தன் வளையத்தில் மாட்டிக்கொண்டாள். தன்னிடமிருந்ததைக் கழற்றி அவன் சட்டைப்பையில் போட்டாள். பிறகு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"குட்டி, பெரியம்மா கையைப் புடிச்சுக்கிட்டு கீழே வா."