மிதிக்கலாம், விடலாம்

1

இந்தக் கதை எனக்கு அக்காவின் பிக்கப் வண்டிக்கு அடியில் கிடைத்தது. கற்பனை என்று பெருமையடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டாள், மாடியிலிருந்து இறங்கிப் போனேன், அவ்வளவுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கிளட்சிலிருந்து எண்ணெய் கண்ணீரைப் போலச் சொட்டி—’

வேண்டாம். எண்ணெய் எண்ணெயைப் போலத்தான் சொட்டியது.

2

அக்கா அந்த வண்டியில் மரச்சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்குபவள். அவள் கணவர், என் அத்தான், அச்சகத்தில் வேலை பார்த்தவர். வேறு ஊரில் ஒரு வேலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டு, நியமன உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் அவளிடம் வாய் திறந்தார். அன்றிலிருந்து பதினெட்டு நாள் பேச்சில்லை. எல்லாம் என் வழியாகத்தான். “சாப்பாடு இருக்குன்னு சொல்லு.” “பசியில்லைன்னு சொல்லு.” இருவரும் ஒரே சமையலறையில்தான் நின்றுகொண்டிருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அத்தான் தன் பெட்டிகளை வண்டியில் ஏற்றினார். சாமானை இறக்கிவிட்டு, மறுநாள் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து தருவதாக ஏற்பாடு (அதுவும் என் வழியாக). கிளட்சை மிதித்தார். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது, மேலே வரவேயில்லை.

[அக்காவே அதைக் கெடுத்து வைத்தாள் என்று இங்கே ஒரு வரி எழுதியிருந்தேன். கதைக்கு விறுவிறுப்பு. ஆனால் அவள் யாருக்குத் துரோகம் செய்தாலும் அந்த வண்டிக்குச் செய்யமாட்டாள். அடித்துவிட்டேன்.]

3

கியர் பெட்டியின் பக்கத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு சிலிண்டர். பெடலை மிதித்தால் எண்ணெய் வந்து அதைத் தள்ளும், அது கிளட்சைத் தள்ளும். அதன் உள் ரப்பர் தேய்ந்து ஒழுகியிருந்தது. அக்கா கடைக்குப் போய்ப் புதியது வாங்கி வந்தாள். கழற்றி மாட்ட ஒரு குழாய், இரண்டு போல்ட்தான். அவரை அனுப்பிவைக்கப்போகும் வண்டியை அவ்வளவு பொறுமையாகப் பழுதுபார்த்தாள்.

பிறகு குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்: மேலே மிதிக்க ஒருவர், கீழே சிலிண்டரிலுள்ள சிறு திருகைத் திறந்து மூட ஒருவர். நான் ஏறப் போனேன்.

“நீ லைட்டைப் பிடி. மிதிக்கத்தான் ஆள் இருக்குல்ல.”

அத்தான் ஏறி உட்கார்ந்தார்.

4

“மிதிக்கலாம்.”

“மிதிச்சாச்சு.”

“பிடிச்சிருக்கா?”

கொஞ்சம் தயங்கி, “பிடிச்சிருக்கு.”

திருகைத் திறந்தாள். எண்ணெயும் குமிழியுமாகச் சீறியது. மூடினாள். “விடலாம்.”

(கவனித்தீர்களா? ‘நீங்க’ என்று வாயில் வந்துவிடாமலிருக்க இப்படி மொட்டையாகப் பேசினாள். அந்த மொட்டைப் பேச்சில் பெடலைப் பற்றிய கேள்வி வேறெதையோ கேட்டுவிட்டது. பழி என்மேல் இல்லை, தமிழ்மேல்.)

பத்துப் பதினைந்து முறை. குமிழிகள் குறைந்தன. டார்ச் வெளிச்சத்தில் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். எண்ணெய்க் கறையோடு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“ம். இப்ப விடுங்க.”

‘விடுங்க’. பதினெட்டு நாளுக்குப் பிறகு. மேலே பெடல் அசையவில்லை. அவர் காலை எடுக்க மறந்துவிட்டார்.

5

முடிவு ஒன்று: அத்தான் சாவியைத் திருப்பி, கை காட்டிவிட்டுப்—

முடிவு இரண்டு: அக்கா பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி—

நடந்தது வேறு. “கல்லு மாதிரி இருக்கு பெடல்” என்றார் அத்தான். காற்று முழுக்கப் போய்விட்டது என்று அர்த்தம். “ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்” என்றாள் அக்கா. அவர் நகர்ந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பெட்டிகளோடேயே கிளம்பினார்கள். சோதித்துப் பார்க்க ஒரு தெரு போதும். இரண்டு மணி நேரம் ஆயிற்று.

வண்டிக்குள் என்ன பேசினார்கள் என்பதை அக்கா பிற்பாடு எனக்குச் சொன்னாள். அதை ஒரு பக்கத்துக்கு எழுதி அவளிடமே படிக்கக் கொடுத்தேன். பென்சிலை எடுத்து முழுவதையும் அடித்தாள்.

“இது எங்களுக்குள்ள இருக்கட்டும்டி.”

“அப்ப கதை எப்படி முடியும்?”

யோசித்து, ஒரே ஒரு வரியை மட்டும் விட்டுவைத்தாள்: திரும்பி வரும்போது வண்டியை அவர் ஓட்டினார், அவள் தூங்கிவிட்டாள்.

மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் காட்ட வேண்டாம்.